தூரச்செடியின் எட்டாம் இலை

தரங்கம்பாடிக் கடல் சிவன் கோயிலின் முன்மண்டபத்தை அப்போதுதான் கடித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தது. கோட்டையில் டென்மார்க் ராஜாவின் கொடி பறந்தது. கொடியின் நிழல் விழுந்த இடத்தில் ஒரு வெள்ளாடு படுத்திருந்தது. ஆட்டைத் தாண்டி நேரே நடந்தால் வரும் தெருவின் கடைசி வீட்டில் மோகென்ஸ் ரீஸ் என்கிற கும்பினி வைத்தியர் குடியிருந்தார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரத்தில், அதாவது நாளின் பெரும்பகுதியில், அவர் புல்பூண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஊர் அவரைப் புல்லுத்துரை என்றது. அவர் தமிழ் கற்றது வேதப்புத்தகத்திலிருந்து. ஒரு குவளை மோர் கேட்டாலும் தீர்க்கதரிசி ஒருவர் வானத்தைப் பார்த்துக் கேட்பதுபோல் இருக்கும். அவருடைய மனைவி லேயாள் இதே ஊர்க்காரி, மிஷன் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவரின் மகள். அந்தக் கல்யாணத்தைப் பார்த்துக் கோட்டையும் முகம் சுளித்தது, சர்ச்சும் முகம் சுளித்தது. பிறகு அவரவருக்குக் காய்ச்சல் வந்தபோது சுளிப்பு தானாகச் சரியாயிற்று.

புல்லுத்துரைக்கு ஏழு நண்பர்கள் இருந்தார்கள். கோபன்ஹேகனில் ஒருவர், லண்டனில் ஒருவர், பாரிசில், பீட்டர்ஸ்பர்க்கில், உப்சாலாவில், லெய்டனில், ஹாலேயில் ஒவ்வொருவர். ஒருவரையும் அவர் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் வயலில் ஒரு புதுப் பூண்டு கண்ணில் பட்டால் அதை ஏழாகப் பங்கிட்டு, காகிதத்துக்கு நடுவே வைத்து, மேலே மணல் மூட்டையைப் போட்டு அழுத்தி, பூச்சி அரிக்காமல் கற்பூரமும் புகையிலையும் தூவி, அடுத்த கப்பலில் ஏழு பேருக்கும் அனுப்பிவிட்டுத்தான் அவருக்குத் தூக்கம் வரும். தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். அது நல்ல குணமா, வியாதியா என்று லேயாளுக்குப் பல வருஷம் பிடிபடவில்லை.

இந்தக் கதைக்குக் காரணமான செடி அவருக்குக் காட்டிலும் கிடைக்கவில்லை, மலையிலும் கிடைக்கவில்லை. கொள்ளிடம் வரைக்கும் முட்டிச் சேற்றில் நடந்து தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தவர், கால் கழுவக் கிணற்றடிக்குப் போனபோது, துவைகல்லுக்குப் பின்னால் அழுக்குத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலோரம் அதைப் பார்த்தார். முழங்கால் உயரம், ஏழு கிளை, கட்டைவிரல் அகல இலை, இலையின் அடிப்பக்கம் வெள்ளிப் பூச்சு. அவர் அப்படியே சேற்றில் மண்டியிட்டார்.

"இதுவா?" என்றாள் லேயாள். "ரொம்ப நாளா இங்கதானே கெடக்கு. துணி காயப்போட எடைஞ்சலா இருக்குன்னு பிடுங்கணும்னு இருந்தேன்."

"ஸ்திரீயே, பிடுங்காதே," என்றார் அவர்.

தாவரவியலாளர்களிடையே ஒரு நாகரிகம் உண்டு. தான் கண்டுபிடித்த செடிக்கு யாரும் தன் பெயரை வைத்துக்கொள்வதில்லை. நண்பனுடைய பெயரை வைத்துவிட்டு, அவனும் புத்தியுள்ளவனாக இருப்பான் என்று காத்திருப்பார்கள். அந்த வழக்கப்படி அவர் அந்தச் செடிக்குக் கோபன்ஹேகனில் இருந்த பேராசிரியர் ஹோல்க்கின் பெயரை லத்தீன் வாலோடு சூட்டினார். கிளைக்கு ஒரு நுனியாக ஏழு நுனி வெட்டினார், அழுத்தினார், உலர்த்தினார், கப்பலேற்றினார், வழக்கம்போல் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தச் செடியோ தன்னை வெட்டியதைக் கவனிக்கவே இல்லை.

கப்பல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய காலம் வந்ததும் கிணற்றடியில் ஒரு கிளை மட்டும் வெள்ளையாய் உறைந்து நின்றது. தொட்டால் விரல் மரத்தது. அது பீட்டர்ஸ்பர்க்குக்குப் போன கிளை. இன்னொரு கிளை நிலக்கரிப் புகையாய் நாறியது, அது லண்டன். மூன்றாவது கிளையின் பக்கம் போனவர்களெல்லாம் அடுக்கடுக்காகத் தும்மினார்கள், ஏனென்றால் பாரிஸ் நண்பர் மூக்குப்பொடி போடுகிறவர். அங்கே ஒருவர் காய்ந்த இலையைக் காகிதத்தின் மேல் விரலால் தடவினால் இங்கே பச்சை இலை வளைந்து கொடுத்தது. இங்கே தடவினால் அங்கேயும் அப்படியே நடந்தது என்று பிற்பாடு கடிதங்கள் வந்தன. வெட்டுப்பட்ட துண்டு ஐயாயிரம் காதம் போனாலும் செடி அதைத் தன்னுடைய நுனி என்றே நினைத்துக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் லத்தீன் பெயரைச் சட்டை செய்யாமல் அதைத் தூரச்செடி என்றார்கள்.

ஏன் இப்படி என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. யார் எப்போது வரலாம் என்பதுதான் பெரிய பேச்சாயிற்று. மார்கழியில் பனியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முணுமுணுத்தவர்கள், சித்திரையிலும் பீட்டர்ஸ்பர்க் கிளை சில்லென்று இருப்பதைக் கண்டதும் மோர்ப் பானைகளோடு வரிசையில் நின்றார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளைகளின் நெற்றிக்கு ஈரத்துணியை அந்தக் கிளையில் சுற்றி வைத்து எடுத்தார்கள். இது பிசாசின் வேலையா என்று உபதேசியார் சத்தியநேசனிடம் கேட்டபோது, உறைபனி வேதத்திலேயே வருகிறது என்று சொல்லிவிட்டுத் தானும் ஒரு சொம்பு வைத்தார். கோயில் குருக்கள், பனி என்றால் கைலாசத்துச் சம்பந்தம் என்றார், அவருடைய சொம்பு ஏற்கெனவே அங்கே இருந்தது. கப்பல் வைத்திருந்த மரைக்காயர் ஒருவர் லண்டன் கிளையை மோந்து பார்த்து, அங்கே குளிர் அதிகமா குறைவா என்று கணித்து, அதற்கேற்பத் துணி ஏற்றினார். மீன் விற்கிற பூரணி, அந்த ஏழு பேரையும் பக்கத்துத் தெருக்காரர்களைப்போல் தெரிந்துவைத்திருந்தாள்.

"லண்டன்காரன் கைக்கு ஒரு இங்கிதம் கெடையாதுக்கா. எப்பப் பாரு ஊசியால குத்துறான். அந்த உப்சாலாக்காரனப் பாரு, பாவம், பயந்து பயந்து தொடுறான். பொண்டாட்டி இல்லாதவனா இருப்பான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கைய வெச்சுத் தெரியாதா என்ன?"

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், பிள்ளையில்லாத ஹோல்க், புல்லுத்துரையின் மகளைக் கோபன்ஹேகனுக்கு அனுப்பிவைத்தால் தன் மகளாக வளர்த்துப் படிக்கவைப்பதாக எழுதினார். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பெயர் தபீத்தாள், வீட்டில் தபீ. துரைக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. நல்லது எதுவும் ஒரே இடத்தில் இருந்தால் வீண் என்பது அவருடைய நிஜமான நம்பிக்கை. லேயாள் ஒரு மழைக்காலம் முழுக்க முடியாது என்றாள். சமைக்கும்போது சொன்னாள், சர்ச்சுக்குப் போகும் வழியில் சொன்னாள், அழுதுகொண்டு சொன்னாள், அழாமலும் சொன்னாள். துரை கோபப்படவே இல்லை. ஒவ்வொரு முறையும் பொறுமையாக, வேதப்புத்தகத் தமிழில், இங்கே அந்தப் பெண்ணுக்கு என்ன காத்திருக்கிறது என்று கேட்டார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அவளைச் சேர்த்துக்கொள்வதில்லை, தெருப்பிள்ளைகளும் சேர்த்துக்கொள்வதில்லை என்பது லேயாளுக்குத் தெரியும். மழை ஓய்ந்தபோது அவளும் ஓய்ந்துபோயிருந்தாள்.

தை மாதக் கப்பலுக்கு முன்னால், செடியின் அடியில் புதிதாய் விட்டிருந்த எட்டாவது கிளையின் நுனியை அவளே தன் நகத்தால் கிள்ளி, ஒரு சின்ன மரப்பெட்டியில் துணி விரித்து வைத்து, மகள் கையில் கொடுத்தாள்.

"காலைல ரெண்டு தடவ கிள்ளு. சாயந்திரம் ரெண்டு தடவ. நானும் கிள்ளுவேன்."

"அதுக்கு வலிக்காதாம்மா?"

"வலிக்காது. மெதுவாக் கிள்ளு."

"வெரலால கிள்ளணுமா, நகத்தாலயா?"

"எதாலயாவது கிள்ளுடி," என்றாள் லேயாள்.

கப்பல் போன நாளிலிருந்து எட்டாவது கிளை அலையில் ஆடுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. அதன் இலைகளில் உப்புப் பூத்தது. காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை ஒரு சின்ன விரல் அதை அமுக்கியது. லேயாள் பதிலுக்கு அமுக்கினாள். ஒரு நடுப்பகலில், தரங்கம்பாடியில் ஒரு ஓலைகூட அசையாத வெயிலில், அந்தக் கிளை மட்டும் தரையோடு தரையாய் அடித்துக்கொண்டது. செய்தி கேட்டுத் தெருவே கிணற்றடிக்கு வந்துவிட்டது. பூரணியின் புருஷன், நாற்பது வருஷம் கடலில் இருந்தவர், கிளைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கப்பலைப் பார்ப்பதுபோலவே அதைப் பார்த்தார்.

"காத்த மூஞ்சியில வாங்கிட்டு நிக்குது. பக்கவாட்டுல வாங்கலம்மா, பயப்படாதீங்க. மாலுமி தெரிஞ்சவன்தான்... இந்தா, திரும்புது. திரும்புது. விட்டுட்டான் பாருங்க."

கிளை மெல்ல நிமிர்ந்தது. சற்று நேரம் கழித்து, நேரமல்லாத நேரத்தில், சின்ன விரல் இரண்டு முறை கிள்ளியது. லேயாள் செடியடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. கோபன்ஹேகனின் குளிர் கிளையில் வந்தது, அந்த ஊர் வெண்ணெயின் வாசம் வந்தது, மழையில் நனைந்த கம்பளியின் வாசம் வந்தது. கிள்ளுகிற விரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. மகளுக்கு உடம்பு சுட்டால் கிளை சுட்டது. தெருப்பெண்கள் மாறி மாறி ஈரத்துணி போட்டார்கள். கடிதம் ஒன்றரை வருஷத்துக்கு முந்திய செய்தியோடு வந்து சேரும்போது, அதெல்லாம் எங்களுக்கு எப்பவோ தெரியும் என்று பூரணி கடிதத்தைத் திட்டினாள். பிள்ளையைத் தொலைதூரத்துக்கு அனுப்பிவிட்டு, தினமும் அதன் கையைப் பிடித்துக்கொள்கிற பாக்கியம் தனக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது என்று லேயாள் நினைத்தாள். அந்தப் பாக்கியத்தை மட்டும் யாரோடும் பங்குபோட வேண்டாம் என்று ஞாயிறுதோறும் வேண்டிக்கொண்டாள்.

இதற்கிடையே துரைக்கு வேறொரு கவலை. பாரிஸ் நண்பர், பூவில்லாத செடியைப் புதுச்செடி என்று ஒப்புக்கொள்ள முடியாது என்று அச்சிலேயே எழுதிவிட்டார். பனி பெய்வதைப் பற்றியோ தும்மலைப் பற்றியோ அவருக்கு ஆட்சேபம் இல்லை. மகரந்தத்தாள் எத்தனை என்று தெரிந்தால் போதும். தூரச்செடியோ பூக்கிற எண்ணமே இல்லாமல் நின்றது. அவர் அதற்கு எரு வைத்தார், மீன் கழுவிய தண்ணீர் விட்டார், லத்தீனில் திட்டியும் பார்த்தார்.

தபீ போன ஐந்தாவது வருஷம், மாசி கடைசியில், எட்டாவது கிளை மட்டும் பூத்தது. வெள்ளையில் ஒரு துளிப் பச்சை ஓடிய சின்னப் பூக்கள், ஈரக் கம்பளி வாசத்தோடு.

லேயாள் பூவைப் பார்த்தாள், கிளையில் கைவைத்தாள், உடனே பூரணியைக் கூப்பிட்டாள். பூரணி கைவைத்துப் பார்த்துவிட்டுத் தெருவையே கூப்பிட்டாள். தபீ பெரிய மனுஷியாகிவிட்டாள் என்பதில் ஒருத்திக்கும் சந்தேகம் இல்லை.

"அந்த ஊர்ல இதுக்கு என்னக்கா செய்வாங்க?"

"என்னத்தச் செய்வாங்க? போர்வையப் போத்திப் படுக்கச் சொல்லுவாங்க."

"உளுந்தங்களி?"

"உளுந்துக்கு எங்க போவாங்க அவங்க."

அந்த வார்த்தை எல்லோரையும் கலக்கிவிட்டது. அன்றைக்கே லேயாளின் தம்பி மோசே, தாய்மாமன் முறைக்குப் பச்சை ஓலை வெட்டிவந்து செடியைச் சுற்றிக் குச்சு கட்டினான். பெண்கள் மஞ்சள் நீர் தெளித்தார்கள், களி கிண்டி நல்லெண்ணெய் ஊற்றி வேரடியில் வைத்தார்கள், கிளைக்குச் சின்னதாய் ஒரு பட்டுத்துணி சுற்றினார்கள், குலவையிட்டார்கள். இதெல்லாம் சபைக்கு ஒவ்வாத சடங்கு என்று உபதேசியார் கண்டித்துச் சொல்லியனுப்பினார், சொல்லப்போன ஆளிடமே களிக்குக் கருப்பட்டியும் கொடுத்தனுப்பினார். நடுவில் ஒருமுறை கிளை இரண்டு தடவை கிள்ளுப்பட்டது. பிறகு விடாமல், விரலை எடுக்காமல், அப்படியே பிடித்துக்கொண்டது. லேயாளும் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் இரண்டு பேரும் விடவில்லை. வயிறு வலிக்கிறது என்று சொல்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது.

துரை அன்று ஒரு நோயாளிக்காகப் பொறையாற்றுக்குப் போயிருந்தார். மறுநாள் காலையில் திரும்பி வந்தார். லேயாள் அப்போது தெருவில் இரவல் வாங்கிய அண்டாவையும் தாம்பாளங்களையும் வீடுவீடாகத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தாள். திருப்பிக் கொடுக்கப் போனால் ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசாமல் வர முடியாது. அவள் வீடு வந்தபோது குச்சின் ஓலை ஓரமாகச் சாத்தப்பட்டிருந்தது. பட்டுத்துணி ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. எட்டாவது கிளை அடியோடு வெட்டப்பட்டு, உள்ளே மேசையில் ஏழு காகிதங்களில் ஏழு துண்டாகப் படுத்திருந்தது.

"என்னங்க பண்ணினீங்க?"

"லேயா, சந்தோஷப்படு. பூ வாடுமுன்னே எடுத்துவிட்டேன். ஏழு பேருக்கும் குறைவில்லாமல் பங்கிட்டேன்."

"அது தபீயோட கெளைங்க."

"அறிவேன். அதற்கு ஒரு சேதமும் வராது. இந்தச் செடி வெட்டுண்டதை அறியாது என்பதை நீயும் கண்டாயே."

"செடிக்குத் தெரியாது," என்றாள் லேயாள். "எம் பொண்ணோட கைய ஏழு பேருக்குப் பிச்சுக் குடுத்துட்டு வந்து சந்தோஷப்படுன்னு சொல்றீங்களே."

அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. ஒன்று ஏழானால் எப்படிக் குறைவாகும்? அவருடைய கணக்கில் அது பெருக்கம்.

முதலில் சில மாதம் அவர் சொன்னதே சரிபோல இருந்தது. வெட்டிய இடத்தில் எட்டு இலை துளிர்த்தது. ஏழு இலைகள் கப்பலில் போகிற காகிதங்களோடு சேர்ந்து ஆடின. ஒன்று மட்டும் ஆடாமல், காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று கிள்ளுப்பட்டது. லேயாள் அந்த இலையின் காம்பில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டிவைத்தாள். ஆனால் காகிதங்கள் ஊர் போய்ச் சேர்ந்த சமயத்தில் இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷ மழையில் தூரச்செடி மொட்டையாயிற்று. இலையோடு நூலும் வாய்க்காலில் போய்விட்டது. மழை விட்டபின் வெட்டிய இடத்தில் எட்டு இலைகள் மறுபடி வந்தன, ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒரே குளிரில். எட்டையும் யார் யாரோ தொட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பூ வந்ததில் ஏழு பேருக்கும் அவ்வளவு உற்சாகம். புரட்டினார்கள், நீவினார்கள், இதழ் இதழாகப் பிரித்தார்கள். லேயாள் ஒவ்வொரு இலையாக இரண்டு முறை கிள்ளிப் பார்த்தாள். எட்டு இலையும் இரண்டு முறை பதில் கிள்ளியது. ஒரு அதிசயத்தைக் கண்டால் அதைத் திரும்பச் செய்து பார்ப்பது படித்தவர்களின் பழக்கம். இரண்டு கிள்ளலை உணர்ந்த ஏழு பேரும் ஆளுக்கு இரண்டு கிள்ளிவிட்டு, சரியாக இருக்கிறது என்று எழுதிவைத்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கோ ஒரு ஓரத்தில் அவளுடைய மகளும் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"மூணு தடவ கிள்ளிப் பாருக்கா," என்றாள் பூரணி.

மூன்று தடவை கிள்ளினாள். எட்டும் மூன்று தடவை பதில் சொல்லின.

லேயாள் சாப்பாட்டைக் குறைத்தாள், பேச்சைக் குறைத்தாள். வாய்க்காலோரம் உட்கார்ந்து, முகம் தெரியாத ஏழு ஆம்பிளைகளின் விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், சந்தைக் கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டவள் கிடைத்த கையையெல்லாம் பிடித்துப் பார்ப்பதுபோல. அவளைப் பார்க்கப் பார்க்கத் துரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. ஒருநாள் அவளுக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் வந்து உட்கார்ந்தார்.

"நான் அவர்களுக்கு எழுதுவேன். ஞாயிறுதோறும் நடுப்பகலில் ஒருவரும் செடியைத் தொடாதிருக்கும்படி கேட்பேன். அப்பொழுது அசைகிற இலை நம்முடைய குமாரத்தியின் இலை."

லேயாள் நெடுநாளைக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "கேப்பாங்களா?"

"என் சிநேகிதர்கள். கேட்பார்கள்."

அவர் எழுதினார். ஏழு கடிதங்கள். எழுத்தாளர்கள் தங்களுக்கு வந்த கடிதத்தை மறைத்துவைப்பார்கள். தாவரவியலாளர்கள் அப்படியில்லை, ஒருவருக்கு வந்ததை இன்னொருவருக்குப் படித்துக்காட்டி ஒப்பிடுவார்கள், ஒரு வார்த்தை கூடக்குறைய இருந்தால் மனஸ்தாபம் வந்துவிடும். அதனால் ஏழிலும் ஒரே வாசகம் எழுதுவதும், சொந்த விஷயம் எதையும் அதில் கலக்காததும் அவருடைய வழக்கம். அடுத்த வருஷம் ஐப்பசியின் முதல் ஞாயிறு தொடங்கி, கோபன்ஹேகனில் நடுப்பகல் ஆகும்போது, யாரும் தொட வேண்டாம். தைக் கப்பல் கடிதங்களை எடுத்துக்கொண்டு போனது.

அந்த ஐப்பசிக்காகத் தெருவே காத்திருந்தது. பிள்ளை கப்பலேறிப் போன வேறு சில தாய்மாரும் காரணம் சொல்லாமல் வந்து உட்கார்ந்தார்கள். அந்த ஞாயிறு மழை இல்லை. அங்கே நடுப்பகல் என்றால் இங்கே வெயில் கோட்டைச் சுவரில் இறங்குகிற சாயங்காலம். உபதேசியார் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு வந்தார். பூரணி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். லேயாள் தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்குக் கட்டிய கூறைச்சேலையைக் கட்டியிருந்தாள். துரை கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்பொழுது," என்றார்.

அந்தக் கணத்தில் இலைகள் வெறிபிடித்ததுபோல் ஆடத் தொடங்கின. தொடாதே என்று எழுதினால் தொடாமல் இருக்கக்கூடிய தாவரவியலாளர் இன்னும் பிறக்கவில்லை. ஏன் தொடக்கூடாது, தொட்டால் என்ன ஆகும், அந்த நேரத்தில் மட்டும் என்ன விசேஷம் என்று ஏழு பேரும் ஏழு ஊரில் கடிகாரத்தைச் சரியாகத் திருத்திவைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். ஒருவர் கிள்ளினார், ஒருவர் ஊசியால் குத்தினார், ஒருவர் தண்ணீர் சொட்டினார், ஒருவர் ஊதினார், பாரிஸ்காரர் பொடியோடு நெருங்கி வந்ததில் முன்வரிசை மொத்தமும் தும்மியது.

"சொன்னாக் கேக்குற மூஞ்சிங்களா இதுங்க!" என்று பூரணி கத்தினாள். கூட்டம் சிரித்தது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

ஏழு இலைகள்தான் ஆடின. எட்டாவது இலை அசையவில்லை.

"அக்கா..." என்ற பூரணி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய புருஷன் தலைப்பாகையை அவிழ்த்தார். லேயாள் மண்டியிட்டு, தவழ்ந்து, அந்த இலைக்குப் பக்கத்தில் போனாள். பச்சையாகத்தான் இருந்தது. ஆடுகிற ஏழுக்கு நடுவே, சித்திரத்தில் எழுதிவைத்ததுபோல அசையாமல் இருந்தது.

அப்போது அதன்மேல் மெல்லிசாக ஒரு மங்கல் படிந்தது. ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி மறைந்தது. மறுபடி படிந்தது. மறைந்தது. மறுபடியும்.

மூச்சு. யாரோ முகத்தை இலையோடு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கை மட்டும் வரவில்லை. லேயாள் திரும்பாமலே கேட்டாள்.

"கடுதாசியில என்ன எழுதினீங்க?"

"தொடாதிருங்கள் என்று."

"யார?"

"எல்லாரையும்."

"தபீயத் தவிரன்னு எழுதலையா?"

துரை கடிகாரத்தை மூடினார், திறந்தார். "அது பொதுக் கடிதம், லேயா. ஏழிலும் ஒரே..." என்று தொடங்கியவருக்குத் தமிழ் நின்றுபோயிற்று, அவருடைய சொந்த பாஷையும் நின்றுபோயிற்று.

ஹோல்க் அந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்திருப்பார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பெண், அப்பா எழுதினால் காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பாள். எங்கெங்கோ இருந்து தன் கிளையின் துண்டுகளைக் கிள்ளிக்கொண்டிருக்கிற அந்நிய விரல்களை அப்பா நிறுத்தப்போகிறார் என்றுகூட நினைத்திருக்கலாம். அந்த ஞாயிறு நடுப்பகலில், அதே வீட்டில் ஹோல்க் தன் காகிதத்தின் மேல் குனிந்து ஆசைதீரக் கிள்ளிக்கொண்டிருந்தபோது, அவள் தன் மரப்பெட்டியைத் திறந்துவைத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து நின்றாள். ஐரோப்பா முழுவதிலும் புல்லுத்துரையின் சொல்லைக் கேட்டு நடந்தது அந்த ஒரே ஆள்தான்.

துரை வீட்டுக்குள் போனார். மேசை இழுபடுகிற சத்தம் கேட்டது. தன் வாழ்நாளில் முதல்தடவையாக ஒரே ஒருவருக்கு, ஒரே ஒரு பிரதியாக, அவர் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்திருந்தார். தை வரைக்கும் கப்பல் இல்லை. தையில் ஏறினாலும் போய்ச் சேர அடுத்த ஐப்பசி ஆகும்.

லேயாள் விரலை நீட்டினாள். கிள்ளினால் அங்கே இலை வளையும்; வளைவதைக் குழந்தை பார்ப்பாள்; அப்பா தொடாதே என்கிறார், அம்மா கூப்பிடுகிறாள் என்று நின்ற இடத்தில் தவித்துப்போவாள். லேயாள் விரலை மடக்கிக்கொண்டாள்.

கடல்பக்கமிருந்து மழைக்காற்று எழுந்தது. ஏழு இலைகளையும் அது என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, அவள் எட்டாவது இலையைச் சுற்றி மட்டும், எங்கேயும் படாமல், இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துப் பிடித்தாள். மங்கல் படிந்தது. அது காய்ந்துவிடாமல் இருக்கத் தன் மூச்சை அடக்கிக்கொண்டாள்.